மதியம் மறையும் மணி

மாமாவிடமிருந்து எனக்கு வந்த காருக்கு 25 வயதுக்கு மேல் ஆகிறது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஏசி போதுமான அளவு குளிர்கிறது. பின்கதவுக் கண்ணாடியைக் கையால் பிடித்துத் தூக்கினால்தான் மேலே ஏறும். இதற்கெல்லாம் பழகிவிட்டேன். பழக முடியாமல் போனது டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் கடிகாரத்தோடுதான். காலையில் கிளம்பும்போது நீலப்பச்சை எண்களில் மணி காட்டும். மதியம் வெயிலில் நின்ற வண்டியை எடுத்தால் வெறும் கறுப்புக் கண்ணாடிதான். வேகத்தடையில் வண்டி குலுங்கினால் எண்கள் சட்டென்று எரியும்; அடுத்த குலுக்கலில் அணையும். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி மணி காட்டும். அதுவும் சரியான மணி.

பட்டறையில் காட்டினேன். எலக்ட்ரீஷியன் ஏசி வென்ட்டுக்கு மேலே இரண்டு தட்டுத் தட்டினார். எரிந்தது. "லூஸ் காண்டாக்ட் சார். இதுக்காக டேஷ்போர்டைப் பிரிச்சா நாலு கிளிப்பு உடையும். செல்லுலதான மணி பாக்குறீங்க, விட்ருங்க" என்றார். நியாயமான யோசனைதான். ஆனால் அவர் தட்டிய தட்டு எனக்குப் பழையது. எண்பதுகளில் டிவி இருந்த வீடுகளில் வளர்ந்த எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். படம் உருண்டால் பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அறை, படம் நிற்கும். அறைந்தால் ஏன் சரியாகிறது என்று யாரும் கேட்டதில்லை. பிறகொரு நாள் மெக்கானிக் வருவார், பின்மூடியைக் கழற்றுவார், "ட்ரை சால்டர்" என்று நோய்க்குப் பெயர் சொல்லி, இரண்டு இடத்தில் ஈயம் வைத்துவிட்டுப் போவார்.

என்னை யோசிக்க வைத்தது அந்தச் சரியான மணி. இரண்டு மணி நேரம் அணைந்து கிடந்த கடிகாரம் திரும்ப எரியும்போது நிமிடம் பிசகவில்லை என்றால், அது நிற்கவே இல்லை என்றுதான் அர்த்தம். உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே சொல்ல வாய்தான் இல்லை.

இந்த மாதிரிக் கடிகாரங்களுக்குப் பெரும்பாலும் நான்கு வயர்கள் போகும். ஒன்று பேட்டரியிலிருந்து வருவது. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். நேரத்தை எண்ணும் சிப் இதை நம்பித்தான் இருக்கிறது. இரண்டாவது வயருக்குச் சாவியைத் திருப்பினால்தான் உயிர் வரும். எண்களை ஒளிர வைக்கச் சொல்வது அது. மூன்றாவது பார்க்கிங் விளக்கோடு சேர்ந்தது, இரவில் கண் கூசாதபடி எண்களை மங்கலாக்கும். நான்காவது எர்த்.

இது தெரிந்தால் கடிகாரத்தைக் கழற்றாமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். பட்டப்பகலில் எண்கள் மங்கலாகத் தெரிகிறதா, மூன்றாவது வயரைப் பாருங்கள். கடிகாரத்தோடு கூரை விளக்கும் எரியவில்லையா, பல கார்களில் இரண்டுக்கும் ஒரே ஃப்யூஸ். பிரிக்க வேண்டியது டேஷ்போர்டை இல்லை, ஃப்யூஸ் பெட்டியை. 8 எப்போது பார்த்தாலும் 6 போலத் தெரிகிறது என்றால் ஒரே ஒரு கோட்டுக்குப் போகும் இணைப்பு விட்டிருக்கிறது. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் 1:00 என்றோ 12:00 என்றோ முதலிலிருந்து தொடங்கினால் கதை வேறு. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த ஒரு நொடி பேட்டரியின் 12 வோல்ட் 9, 10 என்று சரியும். பேட்டரி சோர்ந்திருந்தால் இன்னும் கீழே போகும். அந்த நொடியைத் தாண்டும் வரை சிப்புக்குச் சோறு போட ஒரு சின்னக் கெப்பாசிட்டர் உள்ளே இருக்கிறது. அதற்கு வயதாகிவிட்டால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் கடிகாரம் மயக்கம் போட்டு எழும். என் கடிகாரத்துக்கு மயக்கமில்லை. எண்ணும் வழி சரி; ஒளிரும் வழியில் எங்கோ ஒரு விரிசல், வெயிலில் திறந்து நிழலில் மூடுகிறது.

காருக்குள் கடிகாரம் வைப்பது ஆரம்பத்திலிருந்தே தொல்லை பிடித்த வேலை. 1950, 60-களின் அமெரிக்கக் கார்களில் இருந்ததை மின்கடிகாரம் என்றார்கள். உண்மையில் அது சாவி கொடுக்கும் கடிகாரம்தான். சாவி கொடுக்கிற கைதான் மின்சாரம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் சின்ன வில்சுருள் தளர்ந்துவிடும். தளர்ந்ததும் இரண்டு உலோக முனைகள் தொட்டுக்கொள்ளும், மின்காந்தம் 'டக்'கென்று ஒரு கையை உதைத்து வில்லை மறுபடி முறுக்கும், முனைகள் பிரிந்துவிடும். நல்ல ஏற்பாடு, ஒரு குறை தவிர. பேட்டரி பலவீனமாக இருந்தால் உதை போதாது. முனைகள் பிரியாமல் ஒட்டியே இருக்கும். சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து கடைசியில் கருகிவிடும். கார் நன்றாக இருக்க, கடிகாரம் மட்டும் செத்துப்போன வண்டிகள் அந்தக் காலத்தில் ஏராளம். அவற்றில் சிலவற்றுக்கு ஒரு சாமர்த்தியமும் இருந்தது. பிந்திப் போகிறதென்று முள்ளை முன்னால் தள்ளினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் ஓட்டத்தின் வேகத்தையும் கொஞ்சம் கூட்டிவிடும். பின்னால் தள்ளினால் குறைத்துவிடும். திருத்தத் திருத்தக் கற்றுக்கொள்ளும் கடிகாரம். இன்றைக்கு இப்படி ஒன்று வந்தால் அதற்கு என்னென்ன பெயரெல்லாம் சூட்டுவார்களோ.

கார் கடிகாரத்தின் சத்தத்தை வைத்துத்தான் 1958-இல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ்ராய்ஸுக்கு விளம்பரம் எழுதினார். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போதும் அந்தக் காருக்குள் கேட்கும் பெரிய சத்தம் மின்கடிகாரத்தினுடையதுதான் என்பது தலைப்பு. விளம்பரத் துறையில் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. அதைப் படித்த நிறுவனப் பொறியாளர் ஒருவர், அப்படியானால் அந்தப் பாழாய்ப்போன கடிகாரத்தை ஏதாவது செய்தாக வேண்டும் என்று தலையை ஆட்டினாராம். ஓகில்வியே சொன்ன கதை.

வில்லும் முனைகளும் போய் குவார்ட்ஸ் வந்தது. குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் 1880-இல் கண்டுபிடித்தார்கள். அதன் மறுபக்கமும் உண்மை: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அசையும். சரியான அளவில் அறுத்த படிகத் துண்டு தனக்கென்று ஒரு வேகத்தில் அதிரும். அந்த அதிர்வை எண்ணி நேரம் காட்டும் கடிகாரத்தை 1927-இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் செய்தார். கைக்கடிகாரங்களில் இருப்பது இசைக்கவை வடிவப் படிகம். நொடிக்கு 32,768 முறை அதிரும். இரண்டைப் பதினைந்து முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண் அது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று கிடைக்கும்.

கார் கடிகாரங்கள் பலவற்றில் வேறு படிகம்: நொடிக்கு 41,94,304 அதிர்வு, இருபத்திரண்டு முறை பாதியாக்க வேண்டும். மணியையும் நிமிடத்தையும் மட்டும் காட்டும் சாதனத்துக்கு எதற்கு இத்தனை வேகம்? காரணம் வெயில். இசைக்கவைப் படிகம் 25 டிகிரியில் சரியாக ஓடும்படி செய்யப்பட்டது. மணிக்கட்டின் கதகதப்பு அதற்கு ஏற்றது. அதைவிட்டு வெப்பம் விலக விலக, விலகலின் வர்க்கத்துக்கு ஏற்பப் பிந்தும். 70 டிகிரியில் வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6 நொடி பிந்திப்போகும். 1934-இல் அதே பெல் ஆய்வகத்தில், படிகத்தை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்து அறுத்தால் வெப்பத்தால் இப்படித் தள்ளாடாது என்று கண்டார்கள். அப்படி அறுத்த வில்லையின் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் தடிப்பு. 41,94,304-க்கு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர், கையில் எடுத்துத் தேய்க்க வசதியான தடிப்பு. கைக்கடிகாரத்தின் 32,768-க்கு இதே முறையில் வில்லை செய்ய வேண்டுமானால் ஐந்து சென்டிமீட்டர் தடிப்புக் கல் வேண்டும்!

ஆக, நேரத்தை எண்ணுகிற பகுதிக்கு வெயிலைத் தாங்க வழி செய்துவிட்டார்கள். மற்றவற்றுக்கு?

வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு எவ்வளவு சுடும் என்று 2018-இல் வெளியான அரிசோனா ஆய்வு ஒன்று அளந்து சொல்கிறது. வெளியே 38 டிகிரிக்கு மேல் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களுக்குள் காற்று சராசரியாக 47 டிகிரி. ஸ்டீயரிங் 53. டேஷ்போர்டு 69. கண்ணாடி வழியே உள்ளே வரும் வெயில் முதலில் விழுவது கறுப்பு டேஷ்போர்டின் மேல்தான். கடிகாரம் அதற்குச் சற்றுக் கீழே, காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள், யாரும் இல்லாத வண்டியிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இனி ஈயத்துக்கு வருவோம். பழைய மின்சுற்றுப் பலகைகளில் பாகங்களை ஒட்டியிருப்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவை. 183 டிகிரியில் உருகும். 70 டிகிரி அதிலிருந்து வெகுதூரம் என்று தோன்றும். ஆனால் உலோகங்களுக்குச் செல்சியஸ் கணக்கு தெரியாது. தனிப்பூஜ்ஜியத்திலிருந்து, அதாவது மைனஸ் 273-இலிருந்து எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால் ஈயம் உருகுவது 456-இல், வெயிலில் நிற்பது 343-இல். உருகுநிலையில் முக்கால் பங்கை எட்டிவிட்டது. இரும்பு தன் உருகுநிலையில் முக்கால் பங்கில் இருந்தால் அதன் வெப்பம் சுமார் 1,090 டிகிரி செல்சியஸ்: கொல்லன் பட்டறையில் செக்கச்செவேலென்று உலையிலிருந்து எடுத்து, சம்மட்டியால் தட்டினால் வளைகிற நிலை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஈயப் பொட்டும் வெயில் நேரத்தில் அந்த நிலையில்தான் இருக்கிறது. திடப்பொருள் போலத் தெரியும். சுமை கொடுத்தால் மெல்ல மெல்ல நகரும்.

சுமை கொடுப்பதும் அதே வெயில்தான். பலகை, தடிப்புத் திசையில், பாகங்களின் செம்புக் கால்களைவிட மூன்று மூன்றரை மடங்கு விரியும். ஒன்றரை மில்லிமீட்டர் பலகையில் காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வித்தியாசம் 3 மைக்ரான் அளவு, தலைமுடியின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு. அந்த 3 மைக்ரானுக்கு ஈயம் மதியம் இழுபடும், இரவில் அமுங்கும். ஒரு நாளைக்கு ஒன்றுமில்லை. 25 வருடத்தில் ஒன்பதாயிரம் முறைக்கு மேல். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிக்கிறோமே, அதேதான், பொறுமையாக.

எல்லா ஒட்டும் ஒன்றுபோல் விடுவதில்லை. முதலில் விடுவது எது என்று தெரிந்துகொள்ள அந்த நீலப்பச்சை எண்களைப் பார்க்க வேண்டும். அது எல்இடி அல்ல. 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானில் தடாஷி நக்காமுரா உருவாக்கிய வெற்றிட ஒளிர்குழல். பழைய விசிஆரிலும் கால்குலேட்டரிலும் பார்த்திருப்பீர்கள். காற்றை உறிஞ்சிய தட்டையான கண்ணாடிப் பெட்டிக்குள் முடியைவிட மெல்லிய டங்ஸ்டன் இழைகள் 600 டிகிரியைத் தாண்டிச் சூடேறி எலெக்ட்ரான்களை உதிர்க்கும். அவை துத்தநாக ஆக்சைடு பூசிய கோடுகளில் மோதினால் அந்தக் கோடு ஒளிரும். பழைய ரேடியோ வால்வின் கடைசித் தம்பி என்று சொல்லலாம். இழைக்குத் தேவை இரண்டு மூன்று வோல்ட்தான். ஓடுகிற கார் கொடுப்பதோ ஏறக்குறைய 14. மீதி வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வெப்பமாகக் கொளுத்தித் தீர்க்கிறது. ஆக, வெயிலின் சூடு போதாதென்று தன் காலடியில் சொந்த அடுப்பும் வைத்திருக்கிறது அந்த ரெசிஸ்டர். அதன் கால்களைப் பிடித்திருக்கும் ஈயம்தான் முதலில் விடும். ரெசிஸ்டர் எண்களுக்குச் செல்லும் வழியில் இருக்கிறது, எண்ணும் சிப்பின் வழியில் இல்லை. மணி மறைந்தும் நேரம் தவறாததற்கு விளக்கம் இவ்வளவுதான்.

இத்தனையும் தெரிந்தபின் கழற்றாமல் இருக்க முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். (ஏர்பேக் உள்ள வண்டியென்றால் முனையைக் கழற்றியபின் சில நிமிடம் பொறுங்கள், மஞ்சள் வயர்கள் பக்கம் கையே போகக்கூடாது.) பழைய பிளாஸ்டிக்கைக் குளிர்ந்திருக்கும்போது நெம்பினால் ஒடியும், கதகதப்பில் வளைந்து கொடுக்கும். அதனால் கடிகாரத்தைக் கெடுத்த அதே மதிய வெயிலில்தான் சட்டத்தை எடுத்தேன். எலக்ட்ரீஷியன் சொன்ன நான்கு கிளிப்பில் ஒன்றுதான் உடைந்தது. இரண்டு ஸ்க்ரூ, ஒரு கனெக்டர், கடிகாரம் கையில். பேட்டரியை மறுபடி கொடுத்து, கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். சாவி இல்லாமலே ஒன்றில் 12.5; சாவியைத் திருப்பினால் இன்னொன்றிலும் அதே. வயரிங்கில் குற்றமில்லை.

பின்மூடியைத் திறந்து பலகையின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஈயப் பொட்டுகள் எல்லாம் பளபளப்பாக இருக்க, ரெசிஸ்டரின் ஒரு காலைச் சுற்றி மட்டும் மங்கிய சாம்பல் நிறம். நடுவில், காலைச் சுற்றி முழு வட்டமாக ஒரு கோடு, பென்சிலால் வரைந்தது போல. கால் ஈயத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறது, ஈயத்தோடு ஒட்டி இல்லை. பல் ஆடுவது மாதிரி. தீக்குச்சியால் மேலேயிருந்து ரெசிஸ்டரைத் தொட்டால் கீழே கால் அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. தட்டினால் எரிந்த காரணம் அங்கே இருந்தது.

வேலை ஐந்து நிமிடம். பழைய ஈயத்தின் மேலேயே சால்டரிங் அயர்னை வைத்து உருக்கிவிட்டால் போதும் என்று தோன்றும்; ஆனால் விரிசலின் உள்ளே படிந்த ஆக்சைடு அப்படியே தங்கிவிடும், சில மாதத்தில் பழைய கதைதான். பழையதை உருக்கிப் பம்ப்பால் உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஃப்ளக்ஸ் தொட்டு, புது ஈயம் வைத்தேன். இரண்டு மூன்று நொடிக்கு மேல் சூடு வைத்தால் செம்புப் பாதை பலகையிலிருந்து கழன்று வந்துவிடும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வைக்க வேண்டியிருந்தது. ஈயம் தானே காலில் ஏறிக் கூம்பு போலப் படிந்தால் ஒட்டிவிட்டது. உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை. பிறகு கையை நன்றாகக் கழுவிக்கொண்டேன், காரீயம் என்பதால்.

திறந்ததே திறந்தோம் என்று கெப்பாசிட்டரையும் மாற்றினேன். அது அலுமினியத் தகடு, நனைந்த காகிதம், சில பத்து நானோமீட்டர் ஆக்சைடுப் படலம். மூன்றையும் உயிரோடு வைத்திருப்பது அந்தக் காகிதத்தின் ஈரம். ஈரம் ரப்பர் அடைப்பு வழியாக வருடக்கணக்கில் கசிந்து ஆவியாகும். பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு: வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இருமடங்கு. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் உறுதி சொல்லப்பட்ட கெப்பாசிட்டருக்கு 45 டிகிரியில் 32,000 மணி நேரம் கிடைக்கும். பெரிய எண்ணாகத் தெரிகிறது. மூன்று வருடம் எட்டு மாதம்தான் அது. உறுதி முடிவதும் உயிர் போவதும் ஒன்றல்ல என்பதால்தான் இத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் 105 டிகிரி வகை கேட்டேன், அதே வெப்பத்தில் நான்கு மடங்கு தாங்கும் என்று. ஒன்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஐந்து கொடுத்தார், 10 ரூபாய். பழையதில் 47 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். புதியது அதே 47, 25 வோல்ட். வோல்ட் கூடுதலாக இருக்கலாம், குறையக்கூடாது. கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் வெடிக்கும். வாங்கும்போதே உயரத்தையும் பார்த்து வாங்குங்கள். நான் பார்க்கவில்லை, மூடி மூடவில்லை, படுக்கவைத்து ஒட்டினேன்.

மறுநாள் வேண்டுமென்றே நிழலில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினேன். இரண்டு மணிக்கு வந்து கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது, ஸ்டீயரிங்கில் கை வைக்க முடியவில்லை. சாவியைத் திருப்பினேன். 2:07. வழியில் இருக்கும் மூன்று வேகத்தடைகளிலும் வழக்கத்தைவிட வேகமாகவே ஏறி இறங்கினேன். எண்கள் சிமிட்டவில்லை.

கடிகாரத்துக்குக் கீழே மூன்று பொத்தான்கள். மணிக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஒன்று. மூன்றாவதில் இரண்டு புள்ளியும் இரண்டு சுழியும் போட்டிருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிடுமோ என்று மாமா கடைசிவரை அதைத் தொட்டதே இல்லை. அது அழிப்பதற்கானது அல்ல. அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் முழு மணிக்குப் போகும்: 29 நிமிடம் வரை பின்னால், 30 முதல் முன்னால். ரேடியோவில் மணி அடிக்கும்போது அழுத்திக்கொள்ள வசதியான பொத்தான். ஒரு மாதம் கழித்து, நிமிடம் மாறும் கணத்தைச் செல்லோடு வைத்துப் பார்த்தேன். 40 நொடி முந்தியிருந்தது, பத்து லட்சத்தில் 15 பங்கு. காலை எட்டு மணிக்குச் செல்லில் எண் மாறும் வரை காத்திருந்து, அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.